பெய்ஜிங் கோடைக்கால அரண்மனைத் தோட்டம்: வழிகாட்டி இல்லாமல் பார்ப்பவர்கள் எந்தச் சீட்டு எடுக்கலாம், எந்த வாயிலில் நுழையலாம்?

கேள்வி: கொங்குப் பயணி

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் அலுவல் காரணமாகப் பெய்ஜிங் செல்கிறேன். இம்முறை 68 வயதாகும் என் அம்மாவையும், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளையும் உடன் அழைத்துச் செல்கிறேன். வேலை முடிந்தபின் எங்களுக்கென்று மூன்று நாட்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு நாளைச் சிங் வம்சத்தாரின் கோடைக்கால அரண்மனையான யீஹேயுவானுக்கு ஒதுக்க எண்ணுகிறேன்.

அம்மாவுக்குச் செடி கொடிகளின் மீது அப்படியோர் ஈடுபாடு. ஊட்டி தாவரவியல் பூங்காவில்கூட ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுத்தான் நகர்வார். சென்ற ஆண்டு வேறொரு நாட்டுக்குச் சுற்றுலாக் குழு ஒன்றோடு சென்றபோது, கொடியைப் பிடித்தபடி முன்னால் விரைந்த வழிகாட்டியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், பார்க்க வந்த அரண்மனையின் வாசற்படியிலேயே அவர் அமர்ந்துவிட்டார். உள்ளே போய் வந்த நாங்கள் படங்களைக் காட்டியபோது அவர் முகம் இருந்த இருப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதனால்தான் இம்முறை குழுவும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம், நாங்களே சீட்டு எடுத்து எங்கள் போக்கில் பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

வாயிற்சீட்டு, எல்லாவற்றையும் உள்ளடக்கிய கூட்டுச்சீட்டு என இரண்டு வகை இருப்பதாக அறிகிறேன். எங்களுக்கு எது பொருந்தும்? வாயில்கள் பல இருப்பதால் எதில் நுழைந்து எதில் வெளியேறுவது நல்லது? அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. சமதரையில் நிறுத்தி நிறுத்தி நடப்பார், படிகள்தான் சிரமம். சொல்லித்தர ஒருவர் இல்லாமல் போனால் வெறும் ஏரியையும் கூரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியது போல ஆகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. சென்று வந்தவர்கள் அருள்கூர்ந்து விளக்க வேண்டுகிறேன்.


மறுமொழி 1: வடதிசை

வணக்கம் நண்பரே. வேலை காரணமாக ஆறு ஆண்டுகள் பெய்ஜிங்கில் குடும்பத்தோடு இருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் அரை மணி நேரப் பயணம் என்பதால், ஏரி உறைந்து கிடக்கும் ஜனவரியிலும் தாமரை பூக்கும் ஜூலையிலும் இந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை. அப்போது உள்ளே கால் வைக்க இடமிருக்காது. மூன்றாம் வாரத்தில் நெரிசல் தணிந்து, வானம் தெளிந்து, இலைகளும் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது நல்ல காலம்.

முதலில் சீட்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் முடிய வாயிற்சீட்டு 30 யுவான், கூட்டுச்சீட்டு 60 யுவான் என்பது நான் கடைசியாகச் சென்றபோது இருந்த விலை. கூட்டுச்சீட்டில் புத்த நறுமணக் கோபுரம், சூச்சோ கடைவீதி, நாடக அரங்கு உள்ள தெஹேயுவான் முற்றம், அருங்காட்சியகம் ஆகியவை அடங்கும். இவற்றுக்கு உள்ளே தனித்தனியாகவும் சீட்டு வாங்கலாம். கோபுரத்துக்கும் கடைவீதிக்கும் பத்துப் பத்து யுவான், நாடக அரங்குக்கு ஐந்து யுவான் கொடுத்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு வாயிற்சீட்டும் நாடக அரங்குச் சீட்டும் போதும் என்பது என் கருத்து. உங்களுக்கும் மகளுக்கும் வேண்டுமானால் கூட்டுச்சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்வதே இப்போது வழக்கம். அதே கடவுச்சீட்டை அன்று கையிலும் வைத்திருக்க வேண்டும். கூட்டுச்சீட்டுக்குரிய உட்பகுதிகள் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

வாயில் என்றால், எந்தத் தயக்கமும் இல்லாமல் கிழக்கு அரண்மனை வாயில்தான். மெட்ரோவில் ஷீயுவான் நிலையத்தில் இறங்கிச் சிறிது நடக்க வேண்டும். வழிகாட்டி இல்லாதவர்களுக்கு நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம், அரசவை, வசிப்பிடம், பிறகு தோட்டம் என்ற வரிசையில் இடம் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் வழி அது ஒன்றுதான். பேரரசரைக் காண வந்த அதிகாரிகளும் இவ்வாயில் வழியாகவே வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் வருவது அரசவை மண்டபம். அதைக் கடந்து சில திருப்பங்கள் திரும்பும் வரை ஏரி இருக்கும் சுவடே தெரியாது. பாறைகளுக்கும் மதில்களுக்கும் இடையே சென்று ஒரு மூலையில் திரும்பினால், குன்மிங் ஏரி முழுவதும் கண்முன் விரிந்து கிடக்கும். தோட்டத்தின் ஏறத்தாழ 290 ஹெக்டேர் பரப்பில் முக்கால் பங்கு நீர்தான். முதன்முதலாக அந்தத் திருப்பத்தில் நின்றபோது என் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

ஏரிக்கரையிலேயே யூலான் மண்டபம் இருக்கிறது. குழுக்கள் இதைப் பெரும்பாலும் கடந்து போய்விடும், நீங்கள் நில்லுங்கள். 1898ஆம் ஆண்டு சீர்திருத்தங்களைத் தொடங்கிய இளம் பேரரசர் குவாங்சுவை, நூறு நாள் கடந்ததும் அவருடைய பெரியம்மாவான பேரரசித் தாய் சீஷி சிறைப்படுத்தினார். சீஷி இந்தத் தோட்டத்தில் தங்கும்போதெல்லாம் குவாங்சு அடைபட்டிருந்த இடம் இதுதான். பக்கத்து அறைகளின் வாயிலைக் குறுக்கே அடைத்து எழுப்பிய செங்கற்சுவர் இன்றும் அப்படியே இருக்கிறது. சாளரக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, கைகளால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தால், செதுக்கு வேலைப்பாடுள்ள மரக்கதவுக்குப் பின்னால் ஒரு கைநீளத் தொலைவில், பூச்சுகூட இல்லாமல் சாம்பல் நிறச் செங்கல் எழும்பி நிற்பது தெரியும். வாயிலுக்கு வெளியே சில அடிகளில் அவ்வளவு பெரிய ஏரி. உங்கள் மகளுக்கு இதற்கு மேல் வரலாற்றுப் பாடம் வேண்டியதில்லை. (பெரும்பாலான மண்டபங்களுக்குள் யாரையும் விடுவதில்லை, இப்படிச் சாளரம் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.)

அடுத்து சீஷி வசித்த லெஷோ மண்டபத்தின் முற்றம். அங்கே உங்கள் அம்மா நெடுநேரம் நிற்பார் என்று நினைக்கிறேன். இளவேனிலில் மக்னோலியா பூக்கும் முற்றம் அது. நடுவில் எட்டு மீட்டர் நீளமுள்ள ஒரு பெரும் பாறை, அலைகள் செதுக்கிய பீடத்தின் மேல் கிடக்கிறது. சிங் வம்சத்துக்கு முந்தைய மிங் வம்ச காலத்து அதிகாரி ஒருவர் மலைப்பகுதியில் இதைக் கண்டு, தம் தோட்டத்துக்குக் கொண்டுவர முயன்று, செலவு தாங்காமல் பாதி வழியிலேயே கைவிட்டார். அதனால் ‘குடும்பத்தைக் கெடுத்த கல்’ என்று அதற்குப் பெயர். பின்னாளில், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட சிங் வம்சத்துச் சியான்லாங் பேரரசர் அதை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

அங்கிருந்து நீள்தாழ்வாரம் தொடங்குகிறது: 728 மீட்டர், தூண்களுக்கு இடைப்பட்ட 273 பகுதிகள், விட்டந்தோறும் வண்ண ஓவியங்கள். உங்கள் அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான நடைபாதை கிடையாது. தரை சமமாக இருக்கும், மேலே கூரை, இருபுறமும் தூண்களுக்கிடையே உட்காருவதற்கு நீண்ட மரப்பலகைகள். இடையிடையே நான்கு பருவங்களையும் குறிக்கும் நான்கு எண்கோண மண்டபங்கள் வருகின்றன. நிமிர்ந்து பார்த்தபடியே நடந்தால் கழுத்து வலிக்கும். ஒரு பலகையில் அமர்ந்து, தலைக்கு மேலுள்ள நான்கைந்து ஓவியங்களை மட்டும் நிதானமாகப் பாருங்கள். பூவும் பறவையும் வரைந்த பலகைகளை அம்மாவே அடையாளம் கண்டுவிடுவார்.

தாழ்வாரத்தின் நடுப்பகுதியில் வலப்புறம் புத்த நறுமணக் கோபுரம். நூற்றுக்கும் மேற்பட்ட செங்குத்தான படிகள். அம்மா ஏற வேண்டாம். அவர் தாழ்வாரத்தில் அமர்ந்திருக்க, நீங்களும் மகளும் ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கலாம். உள்ளே 1574ஆம் ஆண்டு வார்க்கப்பட்ட, பல கைகள் கொண்ட, கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரரின் வெண்கலத் திருமேனி நிற்கிறது. தாழ்வாரம் முடிந்ததும் பளிங்குப் படகு. அதன் அருகிலுள்ள துறையில் படகு ஏறி ஏரியைக் கடந்தால் தெற்குத் தீவு. அங்கிருந்து பதினேழு கண் பாலத்தின் மேல் நடந்து, 1755இல் வார்த்த வெண்கல எருதைப் பார்த்துவிட்டு, கிழக்குக் கரை வழியாகவே வெளியேறலாம். வந்த வழியே திரும்பி நடக்கும் வேலை மிச்சமாகும்.


மறுமொழி 2: மெல்லநட

மேலே எழுதியவர் அருமையாக விளக்கியிருக்கிறார். ஆனால் வாயில் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. நான் இரண்டு முறை சென்றிருக்கிறேன். இரண்டு முறையும் வடக்கு வாயிலில்தான் நுழைந்தேன். பெய்கோங்மென் மெட்ரோ நிலையத்திலிருந்து அது மிக அருகில் இருக்கிறது. காலை நேரத்தில் கிழக்கு வாயிலில் குழுக்கள் குவிந்திருக்கும்போது, தோட்டத்துக்குள் இருக்கும் நீண்ட ஆயுள் மலையின் பின்புறம் பைன் மரங்களும் பறவைகளும் மட்டுமே இருக்கும்.

நுழைந்ததும் பாலத்தின் கீழே சூச்சோ கடைவீதி தெரியும். தென்னாட்டுக் கால்வாய் நகரங்களின் அழகில் மயங்கிய சியான்லாங் தமக்காக அமைத்துக்கொண்ட கடைத்தெரு அது. 1860இல் எரிந்து, 1990இல்தான் மீண்டும் கட்டப்பட்டது. மேலிருந்து பார்த்தாலே போதும் என்பது என் கருத்து. நீரோரப் பாதை குறுகலானது, கைப்பிடியும் இல்லை, முதியவர்களை அழைத்துச் செல்வது அச்சமாக இருக்கும். அங்கிருந்து நீண்ட ஆயுள் மலை மீது ஏறினால் திபெத்திய பாணிக் கோயில் தொகுதியும், உச்சியில் மரவிட்டமே இல்லாமல் செங்கல்லாலும் மெருகிட்ட ஓடுகளாலும் கட்டிய ஞானக்கடல் கோயிலும் வரும். மரம் இல்லாததால்தான் அது தீக்குத் தப்பியது. சுவர் முழுதும் சிறு சிறு புத்தர்கள். கைக்கு எட்டும் வரிசைகளில் உள்ளவற்றுக்குத் தலை இல்லை. உச்சியிலிருந்து முன்புறமாக இறங்கினால் ஏரி.

தங்கள் அம்மா பொருட்டு மலையை விட்டுவிட்டாலும், ஓரிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வடக்கு வாயிலிலிருந்து பின்னோடையின் கரையோடு கிழக்கே நடந்தால் ஷியேச்சூ தோட்டம் வரும். தோட்டத்துக்குள் ஒரு தோட்டம் அது. சியான்லாங் 1751இல் தெற்கே சென்றபோது வூஷி நகரில் ஒரு தோட்டத்தைக் கண்டு மனம் பறிகொடுத்து, அதைப் போலவே இங்கே அமைக்கச் சொன்னார். ஒரு தாமரைக்குளம், அதைச் சுற்றி ஒன்றோடொன்று இணைந்த தாழ்வாரங்கள், நீரை ஒட்டித் தாழ்ந்து செல்லும் ஒரு கற்பாலம். மீனின் மகிழ்ச்சியை மனிதர் அறிய முடியுமா என்று இரண்டு சீன அறிஞர்கள் வாதிட்ட பழைய கதையை நினைவூட்டும் வகையில், அந்தப் பாலத்துக்கு ‘மீனை அறியும் பாலம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அக்டோபரில் பூக்கள் இருக்கமாட்டா. காய்ந்து வளைந்த தாமரைத் தண்டுகள்தான் நீரில் நிற்கும். எனக்கு அந்தக் காட்சிதான் பிடித்திருந்தது. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.


மறுமொழி 3: பழஞ்சுவடி

தம்பி, நான் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகனோடு 2018இல் இந்தத் தோட்டத்தைப் பார்த்தேன். எனக்கும் மூட்டுவலி உண்டு. அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலையேறி மறுபுறம் இறங்கும் யோசனை நல்ல முழங்கால் உள்ளவர்களுக்கு உகந்தது. வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கொடுமை. ஆகவே கிழக்கு வாயிலிலேயே நுழையுங்கள். ஷியேச்சூ தோட்டம் கிழக்கு வாயிலிலிருந்தும் தொலைவில்லை. அரசவை மண்டபத்தைப் பார்த்ததும் வடக்கே சென்று, அதைக் கண்டுவிட்டு ஏரிக்கரைக்குத் திரும்பலாம்.

சொல்லித்தர ஆள் இல்லையே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். போவதற்கு முன்பே சிலவற்றை மகளுக்குச் சொல்லி வையுங்கள். அங்கே அவளே பாட்டிக்கு வழிகாட்டியாகிவிடுவாள். 1750இல் சியான்லாங் தம் தாயாரின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்காக இங்கே பணியைத் தொடங்கினார். மலைக்கு நீண்ட ஆயுள் என்ற பெயர் வந்தது அதனால்தான். ஒரு மகன் தாய்க்காக அமைத்த தோட்டத்துக்கு நீங்கள் உங்கள் தாயாரை அழைத்துச் செல்கிறீர்கள் என்பதைப் படித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. ஏரியும் வெறும் அழகுக்காக மட்டும் வெட்டியதன்று. தலைநகருக்கு நீர் தரும் தேக்கமாகவே அதை ஆழப்படுத்தினார்கள். தோண்டிய மண் மலையின் மேல் ஏறியது. நம் ஊரில் ஏரியைத் தூர்வாரிக் கரையை உயர்த்துவதை அறிந்த உங்கள் அம்மாவுக்கு இது உடனே விளங்கும்.

1860இல் இரண்டாம் அபினிப் போரின்போது ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் இதை எரித்தன. தீ வைக்க ஆணையிட்ட எல்ஜின் பிரபுதான் 1862இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தவர். அந்தப் போரில் நம் மதராஸ் சாப்பர் என்ற பொறியாளர் படைப்பிரிவும் ஆங்கிலேயரின் பக்கம் இருந்தது; ‘தம்பிகள்’ என்று இன்றும் இராணுவத்தில் அழைக்கப்படும் அதே படைப்பிரிவுதான். கரிந்த அந்தத் தோட்டத்தில் நின்றபோது எனக்கு அந்த நினைவு வராமல் இல்லை. பிறகு சீஷி, கடற்படைக்குரிய நிதியிலிருந்து பணத்தைத் திருப்பித் தோட்டத்தை மீண்டும் எழுப்பி, 1888இல் யீஹேயுவான் என்று பெயர் மாற்றினார். பளிங்குப் படகின் அருகில் செல்லும்போது இதைச் சொல்லுங்கள். அதன் அடிப்பகுதிதான் கல். மேல்தளம் முழுவதும் பளிங்கைப் போல வண்ணம் தீட்டிய மரம். அது கட்டி முடித்த மறு ஆண்டான 1894இல் தொடங்கிய ஜப்பானியப் போரில் சீனக் கடற்படை அழிந்தது.

இன்னும் ஒன்று. ஏரிக்கரையில் நின்று மேற்கே பார்த்தால் ஒரு குன்றின் மேல் பகோடா தெரியும். தோட்டத்துக்குள் இருப்பதாகவே எண்ணத் தோன்றும். ஆனால் அது மதிலுக்கு வெளியே, யூச்சுவான் குன்றில் இருக்கிறது. வெளியே இருப்பதைத் தோட்டத்தின் காட்சியாக்கிக்கொள்ளும் இந்த முறையைச் சீனர்கள் ‘காட்சியை இரவல் வாங்குதல்’ என்கிறார்கள். எல்லை எங்கே முடிகிறது என்று மகளைத் தேடச் சொல்லுங்கள்.


கேட்டவர்: கொங்குப் பயணி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவை அருகில் அமர்த்தி எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். தாய்க்காகக் கட்டிய தோட்டம் என்ற இடத்தில் நிறுத்தி, மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். கிழக்கு வாயில், ஷியேச்சூ தோட்டம், நீள்தாழ்வாரம், படகு என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. அம்மா சைவம், உள்ளே உணவுக்கு என்ன செய்வது? படகுக்கும் முன்பதிவு வேண்டுமா?


மறுமொழி 4: வடதிசை

வடக்கு வாயில் பற்றிய நண்பரின் கருத்தையும் ஆசிரியை அம்மாவின் திருத்தத்தையும் ஏற்கிறேன். ஷியேச்சூ தோட்டத்தை நான் குறிப்பிட மறந்தது பெரிய பிழை.

உணவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே அவித்த சோளம், பிஸ்கட், தேநீர் கிடைக்கும்; ஆனால் சைவம் என்று நம்பி உண்ணத்தக்க சமைத்த உணவுக்கு நான் பொறுப்பேற்கமாட்டேன், ஏனெனில் காய்கறிக் குழம்பிலும் இறைச்சிச் சாறு சேர்ப்பது அங்கே வழக்கம். எங்கள் வீட்டில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய், தாழ்வாரத்தின் பலகையில் அமர்ந்து சாப்பிடுவோம். சூடான குடிநீருக்கு ஒரு குடுவை இருக்கட்டும். அக்டோபரில் ஏரிக்காற்று குளிரும் என்பதால் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வையும் தேவை.

படகுக்கு முன்பதிவு வேண்டியதில்லை. துறையிலேயே சீட்டு கொடுப்பார்கள். ஆனால் காற்று பலமாக வீசினால் படகை நிறுத்திவிடுவார்கள், மாலையிலும் முன்னதாகவே முடித்துக்கொள்வார்கள். எனவே மூன்று மணிக்குள் துறைக்கு வந்துவிடுங்கள். கோபுரம், நாடக அரங்கு போன்ற உட்பகுதிகளும் வெளிவாயிலுக்கு முன்பே மூடப்படும் என்பதால் அவற்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

வாடகைக் கார் எடுத்தால் ஓட்டுநரிடம் யீஹேயுவான் என்ற பெயரைச் சீன எழுத்தில் காட்டுங்கள். பழைய கோடைக்கால அரண்மனை என்று அழைக்கப்படும் யுவான்மிங்யுவான் அருகிலேயே இருக்கிறது. என்னைப் பார்க்க வந்த உறவினர்கள் அங்கே இறங்கி, கல் இடிபாடுகளுக்கு நடுவே ஏரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கிழக்குக் கரையில் வெளியேறும்போது அவசரப்படாதீர்கள். வயதானவர்கள் சிலர் கைத்தடி நீளத்துக்குக் காம்பும் நுனியில் பஞ்சும் உள்ள தூரிகையை வாளித் தண்ணீரில் தோய்த்து, தரைக்கற்களின் மேல் சீன எழுத்துகளை எழுதிக்கொண்டிருப்பார்கள். கடைசி எழுத்தை அவர்கள் எழுதும்போது முதல் எழுத்து காய்ந்துகொண்டிருக்கும். ஒருமுறை என் மகள் நெடுநேரம் நின்று பார்த்ததைக் கண்ட முதியவர் ஒருவர், தூரிகையை அவளிடம் நீட்டினார். அவள் ‘அம்மா’ என்று தமிழில் எழுதினாள். அவர் குனிந்து, அந்த வளைவுகளைக் காயும் முன் ஒருமுறை தம் கையால் எழுதிப் பார்த்தார்.